அத்தைக்கு ஊற்றிய வெந்நீர்

ஃபீஜித் தீவில், லம்பாசாவில் எங்கள் தெருவிலேயே அதிகம் சிரித்தவள் என் அத்தைதான். அப்பாவின் தங்கை. நரம்பைத் தின்னும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அவள் கண்பார்வையில் கொஞ்சத்தையும் கால்களில் பாதியையும் எடுத்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் விழுந்தால் உடனே தூக்க விடமாட்டாள். "இரு புள்ள, வந்தது வந்தாச்சு, மரத்துல எத்தினி மாங்கான்னு எண்ணிட்டு எழுந்துக்கறேன்" என்பாள். மத்தியானமானால் பக்கத்து வீட்டு ஃபீஜிக்காரம்மா பாய் முடைய வந்து உட்காருவாள். இருவரும் இந்தியில் ஊர்வம்பு பேசிப் பேசியே பொழுதைச் சாய்ப்பார்கள். யாராவது "பாவம்" என்றால் மட்டும் அத்தைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதை அதிகம் சொன்னவர் என் அப்பா.

பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு அப்பா நியூசிலாந்துக்கு மனுப் போட்டார். அப்பா, அம்மா, நான் மூவருக்கும் அனுமதி வந்துவிட்டது. அத்தைக்கு டாக்டர் சோதனை பாக்கி.

"நான் இங்கயே இருந்துக்கறேன் அண்ணே. எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல."

"நீ வரலன்னா ஒருத்தரும் போவல" என்று அப்பா பாஸ்போர்ட்டுகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அத்தை மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள், "சரி, டாக்டராண்ட போலாம்" என்றாள்.

நேராக நடந்து காட்டினால் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்பது அப்பாவின் கணக்கு. தாழ்வாரத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து விடியற்காலையில் நடக்கப் பழக்கினார். சூடு பட்டால் அத்தையின் கால் துவண்டுவிடும். அதனால் தினமும் அவளுக்குப் பச்சைத்தண்ணீர் ஊற்றுவதும் கழுத்தில் ஈரத்துண்டு போடுவதும் என் வேலை. குளிர்ந்த உடம்போடு அவள் கோட்டின்மேல் அழகாக நடந்தாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சோதனை நாளன்று அவர் டாக்சி கொண்டுவரப் போயிருந்தார். குளியலறையிலிருந்து அத்தை கூப்பிட்டாள்.

"புள்ள, இன்னிக்கி சுடுதண்ணி ஊத்து."

"ஐயோ, அப்பா கொன்னுடுவாரு!"

"அவரு வர்றதுக்குள்ள ஊத்து. ஜல்தி. யாராண்டயும் சொல்லாத."

துணி வெளுக்க அம்மா காய்ச்சி வைத்திருந்த வெந்நீரை விளாவி, வாளி வாளியாக ஊற்றினேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா, எத்தினி வருசமாச்சு!" என்றாள். ஆசைப்பட்டுக் குளிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் முன்னால் மூன்றாவது அடியில் விழுந்தாள். நாலைந்து வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. தங்கை சொன்னதைப் பிடிவாதம் என்று தள்ளிய அப்பா, காகிதத்தில் வந்ததைத் தள்ளவில்லை. உட்கார்ந்து அழுதார். பிறகு பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்தார். பக்கத்து வீட்டு அம்மா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே குடிவந்துவிட்டாள்.

விமான நிலையத்துக்கு அவள்தான் அத்தையைத் தாங்கிக் கூட்டிவந்தாள். வெந்நீர் என் நெஞ்சிலேயே கொதித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்காமல், "என்னாலதானே அத்தை?" என்றேன்.

அத்தை என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டாள். "ஆமாண்டி கண்ணு, உன்னாலதான்" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

என்மேல் பழி போட்டுவிட்டாளே என்று ஆக்லாந்து வரை அழுதேன். எனக்கு அப்போது பத்து வயது. அவள் நன்றி சொன்னாள் என்பது எனக்குத் தெரியவில்லை.