பூச்சாடியின் அடிப்பக்கம்

யார் வீட்டுக்குப் போனாலும் கண்ணாடிப் பூச்சாடியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன். இதற்காக மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் பக்கத்தில் பூவேலை போட்ட கண்ணாடி எல்லாவற்றையும் ‘பெல்ஜியம்’ என்றுதான் சொல்வார்கள். முக்கால்வாசி அச்சில் வார்த்தது. கையால் பட்டை தீட்டியதென்றால் வேலைப்பாட்டின் விளிம்பு விரலில் உறுத்தும். வயதை அடிப்பக்கம் சொல்லும். எடுத்து எடுத்து வைத்ததில் கீறல்கள் தாறுமாறாக விழுந்திருந்தால் பழசு.

என்னோடு வேலை பார்த்த பெண்மணி ஒருவர், தாயார் இறந்த மறுமாதம் என்னைக் கீழ்வேளூர் வீட்டுக்கு அழைத்துப் போனார். அலமாரியிலிருந்து ஒரு பூச்சாடியை எடுத்துக் கொடுத்தார். தாயாரின் கல்யாணத்துக்கு மாமா ஒருவர் பினாங்கிலிருந்து கொண்டுவந்ததாம்.

“ஆறு வயசுல இத கீழ போட்டு உடைச்ச மாதிரி எனக்கு ஞாபகம் சார். எங்கப்பா முன்கோபி, பயந்து நடுங்கிட்டேன். மறுவாரம் அம்மா, ‘கனவு கண்டிருப்படி, அதோ இருக்கு பாரு’ன்னாங்க. எது நெசம்னு பாத்துச் சொல்லுங்க.”

அடி நன்றாகத் தேய்ந்திருந்தது. “பழசுதாங்க. நீங்க உடைக்கல,” என்றேன். எனக்குப் பெருமைதான்.

“தேயாம என்ன? வெள்ளிக்கிழமை விளக்கோட சேத்து இதையும் செங்கல்பொடி போட்டுத் தேய்ப்பாங்க,” என்றார் சாதாரணமாக.

சுருக்கென்றது. பித்தளையைத் தேய்ப்பார்கள், கண்ணாடியை யார் செங்கல்பொடியால் தேய்ப்பார்கள்? ஜன்னலோரம் கொண்டுபோனேன். கீறல்கள் தாறுமாறாக இல்லை, கை சுழன்ற வாக்கில் வட்டமாக ஓடின. அவசரக்குடுக்கை நான், விளிம்பையும் தடவிப் பார்க்கவில்லை. உறுத்தவே இல்லை, அச்சு வார்ப்பு. செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்ததும் அடியில் ‘மேட் இன் இந்தியா’ என்ற ஆங்கில எழுத்துகள் பாதி அழிந்து தெரிந்தன. பினாங்குச் சாமானில் அது இருக்க வழியில்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். கேட்டுவிட்டாரே என்று சொன்னேன். “உடைஞ்சதுக்குப் பதிலா உங்கம்மா இத வாங்கி வச்சிருக்காங்க. எழுத்து தெரியக்கூடாதுன்னு தேய்ச்சிருக்காங்க.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

“அப்பா போயி இருபது வருஷமாச்சு சார். இனிமே யாருக்குப் பயம்? போன மாசம் ஆஸ்பத்திரியில வச்சு அம்மாகிட்ட மறுபடி கேட்டேன். அப்பவும், ‘நீ உடைக்கலடி’ன்னுதான் சொன்னாங்க.”