ஜெய்புனக்கா போடாத வளையல்

போன ஞாயிறு சொட்டு மருந்து முகாமில் இருந்தபோது போன் வந்தது. "நர்சம்மா, எங்கம்மா மௌத்தாயிட்டாக" என்றார் ஜெய்புனக்காவின் மகன். மடியிலிருந்த குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு, அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வளையல்கார ஜெய்புனக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். சிவகாசியைச் சுற்றி எந்த வீட்டில் வளைகாப்பு என்றாலும் அவர் பெட்டிதான் வரும். கைக்கு அளவு பார்க்கும்போதே, "கண்ணு மங்குதா தாயி? பிள்ளை அசையுதா?" என்று விசாரித்துவிடுவார். "பேசாம என் யூனிபார்ம் சேலையையும் நீங்களே கட்டிக்கிடுங்க" என்று கேலி செய்வேன்.

ஏழு வருடங்களுக்கு முன் எனக்கு வளைகாப்பு. தீபாவளி சீசன் நேரம். அச்சங்குளத்துக்கும் நாரணாபுரத்துக்கும் அலைந்து ஊர்க் கர்ப்பிணிகளுக்கெல்லாம் பிரஷர் பார்த்தேன்; எனக்குப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. மூன்று நாளாகத் தலைவலி வேறு. பட்டாசு மருந்து வாடைதான் காரணம் என்று நினைத்தேன். நம் ஊரில் எந்தத் தலைவலிக்கும் அந்தப் பழிதானே!

வீடு நிறைய ஆட்கள். முதல் வளையலே விரல் முட்டியைத் தாண்டவில்லை. "சோப்பப் போட்டு ஏத்துங்க. பிள்ளைத்தாச்சிக்குக் கை வீங்கத்தான் செய்யும்" என்றார் என் மாமியார். ஜெய்புனக்கா வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"பத்து நாளைக்கு முன்ன நாந்தான் அளவு பாத்தேன். அதுக்குள்ள இம்புட்டு வீங்கக் கூடாது. தலை வலிக்கா நர்சம்மா?"

"எனக்கே பாடம் எடுக்கீகளா? போடுங்கக்கா" என்று சீறினேன். நல்ல காரியம் பாதியில் நிற்கிறதே என்று மாமியார் கையைப் பிசைந்தார்.

"வஞ்சாலும் வைங்க. பிரஷர் பாத்துட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன்."

எரிச்சலோடு கையை நீட்டினேன். உடன் வேலை பார்க்கும் தோழி அளந்தாள். நூற்றெழுபது. கார் வருவதற்குள் கண் மங்கிவிட்டது. அன்று மாலையே ஆபரேஷன் செய்து, மாதம் நிறையாத என் மகளை வெளியே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா அதே வளையல்களோடு வந்தார். "அன்னைக்கு வஞ்சீகள்ல, இப்பக் கைய நீட்டுங்க" என்று சிரித்தார். ஒன்றுகூட உடையாமல் ஏறின.

இப்போதெல்லாம் கருவியை எடுக்கும் முன் கர்ப்பிணியின் கையைத்தான் பிடிக்கிறேன். வளையல் இறுக்குதா என்று கேட்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான். நேற்று நாரணாபுரத்தில் ஒருத்தி "ஆமாக்கா, நாலு நாளா" என்றாள். கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ச் சேர்த்தேன்.

பிள்ளை அசையுது, அக்கா.