சர்க்கரை போட்ட காப்பி

எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிய காலம் ஒன்று உண்டு. எறும்புக்குப் பயந்து அல்ல, அத்தைக்குப் பயந்து.

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல், மலையாள தேசத்தில், வலியசாலைத் தெருவில் எங்களோடுதான் இருந்தாள். அரசாங்க உத்தியோகம். ஃபைலில் ஒரு கமா தவறினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று ஆபீஸில் பெயர். அப்படிப்பட்டவளைத்தான் தெருவே திருட்டுத்தீனிக்காரி என்று நினைத்தது. சர்க்கரை வியாதிக்கு முதலில் மாத்திரை, பிறகு இன்சுலின் ஊசி. சோற்றை விட்டாள். கோதுமைக் கஞ்சியும் பாகற்காயுமாக நாளை ஓட்டினாள். ஆனாலும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் சர்க்கரை ஏறித்தான் இருந்தது.

"ஒளிச்சு வச்சுத் திங்கறே அக்கா. இல்லேன்னா எப்படி ஏறும்?" என்பார் அப்பா.

"நான் திங்கலைடா. கேட்டயோ, திங்கலை."

பட்டினி கிடக்கிற உடம்பாகவும் அது தெரியவில்லை. கைகள் தடித்து, மூக்கு அகன்று, குரல் கனத்துப் போயிருந்தது. விரலில் இறுகிய மோதிரத்தைத் தட்டான் வெட்டித்தான் எடுத்தார். அக்கம்பக்கத்து மாமிகள் வெந்தயம், நாவல் கொட்டை, கோவைக்காய் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டு, "முதல்ல வாயைக் கட்டணும்" என்று முடிப்பார்கள். அத்தை நெற்றியில் தலைவலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு போய்ப் படுத்துவிடுவாள்.

ஓண விடுமுறையில் அப்பா அவளை ஒரு புது டாக்டரிடம் அழைத்துப் போனார். வீட்டில் ஆளில்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டார். டாக்டரம்மாவிடம் அப்பா மலையாளத்தில் அத்தைமேல் புகாராக அடுக்கினார். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுத்துப்போய் நான் கீழே குனிந்தேன்.

"அத்தை அப்பா செருப்பைப் போட்டுண்டு வந்திருக்கா. அவளோடது காலில கேறலை" என்றேன்.

அப்பா என் தொடையைக் கிள்ளினார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மோளே, அது ஒண்ணுகூடப் பறயூ."

இன்னொரு முறை சொன்னேன். டாக்டர் எழுந்து வந்து அத்தையின் கையைத் தன் கையில் ஏந்திப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். தலைவலி உண்டா என்று கேட்டார். கடைசியில் அவளுடைய ஆபீஸ் அடையாள அட்டையை வாங்கி, அதிலிருந்த பழைய படத்தையும் எதிரே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார்.

முடிவுகள் வந்தபின் மறுபடி போனோம். டாக்டர் அப்பாவைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான்: "சேச்சி கட்டுதின்னிட்டில்ல." அக்கா திருடித் தின்னவில்லை என்று அர்த்தம்.

மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், பட்டாணியளவு பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் ஒரு கட்டி. அது வளர்ச்சி ஹார்மோனை வேண்டாத வயதில் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ஹார்மோன் மிஞ்சினால் உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படாது. வயிற்றிலுள்ள கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள், இன்னும் இன்னும் என்று சுரந்து, ஈடுகொடுக்க முடியாமல் தளர்ந்துவிட்டன.

"அதுகள் செத்துப்போகலை. பாரத்தை எடுத்தால் தேறி வரும்" என்றார் டாக்டர்.

அத்தை அங்கேயே அழுதாள். தலையில் கட்டி என்று கேட்டு ஒருத்தி சந்தோஷத்தில் அழுவதை அந்த டாக்டர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்.

மூக்கு வழியாகவே ஆபரேஷன் செய்தார்கள். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜபித்துக்கொண்டே இருந்தாள். அப்பா உட்காரவே இல்லை. கட்டி முழுவதும் வந்துவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னபோது அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். தூக்குகிற வயதை நான் தாண்டியிருந்தேன். அதன்பின் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. முதலில் ஊசி நின்றது. பிறகு மாத்திரைகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசிப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "இனி மருந்து வேண்டா" என்றார் டாக்டர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தை காலையிலேயே குளித்து, ஜரிகைக் கரை போட்ட கசவுப் புடவை கட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். முதலில் வெந்தய மாமி வீடு.

"வாங்கோ, வாங்கோ. சர்க்கரை போடாம ஒரு காப்பி தரட்டுமா?"

"போட்டே தாங்கோ. ரெண்டு ஸ்பூன்."

டாக்டர் சொன்னதை அத்தை சொல்லக் கேட்டு மாமி வாயைப் பிளந்தாள். காப்பி வந்தது. அடுத்து நாவல் கொட்டை மாமி வீடு. அங்கேயும் ரெண்டு ஸ்பூன். அப்புறம் கோவைக்காய் மாமி. "வாயைக் கட்டணும்" என்று சொன்னவர்களில் ஒருத்தர் வீட்டைக்கூட அத்தை விடவில்லை. எல்லா வீட்டிலும் நிமிர்ந்து உட்கார்ந்து, டம்ளரைத் தூக்கி, எல்லோரும் பார்க்க ஒரே ஒரு வாய் குடித்தாள். மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவ்வளவு காப்பி ஆசை உள்ளவள் ஏன் எல்லா வீட்டிலும் மிச்சம் வைக்கிறாள்? அதைவிட, டம்ளரை ஓங்கிக் கீழே வைத்தது அத்தை, மாமிகள் ஏன் தலைகுனிந்தார்கள்? ஒருவேளை எல்லார் வீட்டுக் காப்பியும் நன்றாக இல்லையோ என்று நினைத்துக்கொண்டே அவள் பின்னால் நடந்தேன்.