பிடித்துத் தைத்த உடை

அந்த ஆல்டரேஷன் கடையில் வெட்டுவது அவர், தைப்பது அவர் மனைவி. ஆளைப் பார்த்ததுமே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள் என்பதால் தெருவில் அவளுக்கு ‘டேப்பக்கா’ என்று பெயர். ஊரார் இடுப்பையெல்லாம் அளப்பவளுக்குத் தன் வயிறு உறுத்தாமல் இருக்குமா? கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன் செய்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல்தான் சொன்னார். சீழ் பிடிக்கலாம், தோல் மேடுபள்ளமாகலாம். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஓடி வர வேண்டும். மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றது மட்டும்தான் டேப்பக்கா காதில் விழுந்தது. மற்றதையெல்லாம் அவள் புருஷன்தான் காதில் வாங்கிக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிறு முதல் தொடைவரை இறுக்கிப் பிடிக்கும் ஓர் உடையை மாட்டி அனுப்பினார்கள். வீக்கம் வடிய வடிய அது தொளதொளத்துவிட்டதாக அவளுக்குப் பட்டது. தையல்காரிக்கு அது பொறுக்குமா? தன்னால் இன்னும் மெஷினில் உட்கார முடியாததால் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

“தொடைகிட்ட கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க.”

டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றார் அவர். துணியைப் பற்றி டாக்டருக்கு என்ன தெரியும் என்றாள். அதுவும் சரிதான் என்று இந்த மனுஷனும் மெஷினில் உட்கார்ந்துவிட்டார்! அது துணியல்ல, வைத்தியம் என்று இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

கெண்டைக்கால் வலித்தது; மூச்சுவிடாமல் மறைத்தாள். பிறகு சமையலறையிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது, வாயு என்றாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. பார்த்தால், ஒரு கால் மட்டும் பொதபொதவென்று வீங்கியிருந்தது. இறுக்கிய உடையை வெட்டக் கத்தரியை எடுத்தார். நல்ல துணி, வெட்டாதீர்கள் என்று கெஞ்சினாள். வெட்டியெறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பயந்ததுதான் நடந்திருந்தது. கட்டி நுரையீரலில் அடைத்திருந்தது. நான் தைத்ததாலா என்று டாக்டரிடம் கேட்டார். ஆபரேஷனாலேயே வரக்கூடியதுதான், இறுக்கியதும் சேர்ந்திருக்கலாம் என்றார் டாக்டர். மருந்து ஏறுகிறது, நாளைவரை எதுவும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

உள்ளே அவள் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினாள்.

“இடுப்பு குறைஞ்சிருக்கா? பார்த்துச் சொல்லுங்க.”

அவருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மாஸ்க்கை மறுபடி பொருத்தினார்.

“நீ நல்லா மூச்சை இழுத்து விடு. நான் அதை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்.”