முகத்துக்குச் சொந்தக்காரி

கல்யாணத்துக்கு ஸ்டைலிஸ்ட் வேண்டுமா வேண்டாமா என்று என்னிடமே போன் போட்டுக் கேட்கிறார்கள். சாப்பாட்டுக் கடைக்காரரிடம் போய், வெளியே சாப்பிடலாமா, வீட்டிலேயே சமைக்கலாமா என்று கேட்கிற மாதிரிதான். கேட்கட்டும். எனக்கும் ஒரு பதில் இருக்கிறது.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில், பாலத்து நெரிசலில் நிற்கும் பஸ்களின் ஹோர்ன் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும் ஓர் அறையில் சலூன் வைத்திருக்கிறேன். முன்பு எங்களுக்கு டிரெஸ்ஸர் என்றுதான் பெயர். இப்போது ஸ்டைலிஸ்ட் ஆகிவிட்டோம். நானும் ஊரோடு சேர்ந்து பெயர்ப்பலகையை மாற்றினேன். கொசுவம் பிடிக்கிற கை பழைய கைதான்.

கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: “போனைப் பொண்ணுகிட்டக் குடுங்க.” பாதிப் பேர் கொடுக்க மாட்டார்கள். “அவ என்னத்தச் சொல்லப் போறா, நாங்க சொல்றதுதான்” என்பார்கள். அப்படியானால் உங்களுக்கு ஸ்டைலிஸ்ட் வேண்டாம், பெயின்ட் அடிக்கிற ஆளைப் பாருங்கள் என்று வைத்துவிடுவேன். கண்டியில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர். இருக்கட்டுமே! பிறக்கும்போதே வந்த திமிர் இல்லை அது. ஒரே ஒரு கல்யாணத்தில், ஒரு காலைப் பொழுதில் வந்தது.

அந்தப் பெண் பன்வில பக்கத்துத் தோட்டம். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவள் கண்டி டவுனில் ஒரு பார்மசியில் வேலைக்கு நின்றாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் துணிக்கடை. தலைவலியே இல்லாமல் தலைவலி மாத்திரை வாங்கப் போய்ப் போய் அவன் பிடித்த பெண் அவள்.

மாப்பிள்ளையின் அம்மாதான் அவளை என் சலூனுக்குக் கூட்டி வந்தார். அவளைக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்து, பக்கத்துக் கதிரையில் தான் உட்கார்ந்து, பேச்சு முழுவதையும் தானே பேசினார்.

“நல்லா கலரா எடுத்துவிடணும். கொழும்புல இருந்து சொந்தக்காரங்க வர்றாங்க. மேடையில என் மகனுக்குப் பக்கத்துல இருட்டடிச்ச மாதிரி ஒக்காரக் கூடாது, சொல்லிட்டேன்.”

பெண் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் புசல்லாவைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தான், அவளைவிட ஒரு பிடி கறுப்புதான். இருந்தும் அலுமாரியைத் திறந்து, அவள் நிறத்துக்கு மூன்று படி வெளுப்பான பவுண்டேஷனை எடுத்து, “இது சரியா வரும்மா” என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் காட்டினேன். பெரிய இடம், இவர்கள் வாயால் நாலு கல்யாணம் வரும் என்ற ஆசை எனக்கு. இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

கல்யாணத்தன்று மண்டபத்து அறையில் முகம், கழுத்து, காது மடல், விரல் நுனி வரை ஒரு பொட்டு விடாமல் பூசினேன். மாப்பிள்ளையின் அம்மா வந்து பார்த்து, “இப்பதான் எங்க வீட்டு மருமக” என்று அவள் தாடையைப் பிடித்துக் கொஞ்சினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெண்ணை மேடைக்கு அழைத்துப் போக அவளுடைய அப்பா அறைக்கு வெளியே வந்து நின்றார். மடிப்புக் கலையாத புது வேட்டி. அலங்காரத்துக்குப் பிறகு அவர் மகளை இன்னும் பார்க்கவில்லை. கதவைத் திறந்தேன். மாப்பிள்ளையின் தங்கைகள் இரண்டு பேரும் பட்டும் நகையுமாக முன்னால் வந்தார்கள். மூன்றாவதாகப் பெண் வந்தாள். அந்த மனிதர் சுவரோடு ஒதுங்கி மூன்று பேருக்கும் வழி விட்டார். பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்து, “மக இன்னும் ரெடியாகலிங்களாம்மா?” என்று என்னைக் கேட்டார்.

தங்கைகள் கொல்லென்று சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன். என் கைவேலைக்குக் கிடைத்த பாராட்டு என்றுதான் அப்போது என் புத்திக்குப் பட்டது. பெண் “அப்பா” என்று கூப்பிட்டதும் அவர் திரும்பினார். கையை வேட்டியில் துடைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

தாரை வார்த்துக் கொடுத்து முடிந்ததும், ஐயர் கூறைச் சேலையைத் தட்டோடு பெண்ணிடம் கொடுத்தார். அதை வாங்கி வந்து, உடுத்துக்கொண்டு திரும்பிப் போனால்தான் தாலி கட்டுவார்கள். டிரெஸ்ஸருக்குப் பதினைந்து நிமிடம், கூடிப் போனால் இருபது. மொத்தக் கல்யாணத்திலும் பெண்ணும் நாங்களும் தனியாக இருப்பது அந்த நேரம் மட்டும்தான்.

கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கொசுவத்து ஊசிகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.

“அக்கா, எங்கப்பாவுக்கு என்னயத் தெரியல.”

“அட, அந்த நடை இருட்டுல யாருக்குத்தான் தெரியும்? அதப் போயி...”

“இல்லக்கா. எனக்கு வழி விட்டாரு. தோட்டத்துல தொர வந்தா ஒதுங்கி நிப்பாரே, அப்புடி நின்னாரு.” அவள் அழவில்லை. நேராகக் கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள். “தாலி ஏர்றப்போ அவரு என்னயப் பாக்கணும். இதக் கழுவி விடுங்கக்கா.”

கழற்றிய ஊசியை மேசையில் வைத்தேன். துரைக்கு ஒதுங்கி நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். என் அப்பாவும் நின்றிருக்கிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு. சொந்த மகளுக்கு முன்னால் அப்படி ஒரு மனிதனை நிற்க வைத்தவள் நான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, முதலில் என் மேல்தான்.

தண்ணீரில் போகிற சாமானா அது? மூலையில் விளக்குக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். கை நிறைய ஊற்றி அவள் முகத்திலும் கழுத்திலும் காதிலும் தேய்த்தேன். பஞ்சு பஞ்சாக வெள்ளை கழன்று வந்தது. நெற்றி வந்தது, கன்னம் வந்தது, உதட்டுக்கு மேலிருந்த சின்ன மச்சம் வந்தது. அறையோடு இருந்த பைப்படியில் சவர்க்காரம் போட்டு அவளே கைகளைக் கழுவினாள். அவள் நிறத்திலேயே கொஞ்சம் பவுடர், கண்ணுக்கு மை, பொட்டு. அவ்வளவுதான்.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. “நேரமாவுது! என்ன பண்றீங்க உள்ள?”

“சேல கட்டுறோம்மா!” என்று கத்திக்கொண்டே கூறையைக் கட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாகக் கட்டியதில்லை, அவ்வளவு நேர்த்தியாகவும் கட்டியதில்லை.

கதவைத் திறந்ததும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஐயையோ! யாரக் கேட்டுக் கழுவுனீங்க?”

“மொகத்துக்குச் சொந்தக்காரியக் கேட்டேன்.”

“ஒங்களக் கூட்டியாந்தது நாங்க!”

“ஆமா, நீங்கதான். மொகம் அவளோடது.”

“இனி கண்டியில ஒரு கல்யாணத்துக்கும் ஒங்களக் கூப்புடாம பண்றேனா இல்லையா பாருங்க.”

“பண்ணுங்க.”

செய்தும் காட்டினார். அடுத்து வரவிருந்த இரண்டு கல்யாணம் கைவிட்டுப் போனது. போனால் போகட்டும். அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்படவில்லை.

அவர் பெண்ணின் பக்கம் திரும்பினார். “நீயாச்சும் சொல்லக் கூடாதா?”

“நான்தான் அத்த கழுவச் சொன்னேன்,” என்றாள் அவள். சலூனில் வாயே திறக்காத பெண்! எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன். ஊசி குத்தவும் பூ வைக்கவும் வீட்டில் ஆள் இருக்கும். கல்யாண வீட்டில் எல்லாரும் யாருக்காவது ஆள். பெண்ணுக்கென்று ஒரு ஆள், கதவைத் தாழ் போட்டுவிட்டு அவள் சொல்வதைக் கேட்கிற ஆள், வேண்டுமானால் எங்களைக் கூப்பிடுங்கள். அதற்கு இல்லையென்றால் கூப்பிடவே வேண்டாம்.

அவளை நானே மேடை வரை கூட்டிப் போனேன். முன் வரிசைக் கதிரைகளில் குசுகுசுவென்று பேச்சு. கெமராக்காரர் கெமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். எடுங்கள் என்று கையைக் காட்டினேன். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, மாத்திரை வாங்கப் போன காலத்துச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டான்.

மேடை ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா கொலுசுச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். அவசர அவசரமாக எழுந்து நின்றார். இந்த முறை அவர் ஒதுங்கவில்லை. காலையிலிருந்து அங்கேயே இருந்த மகளைப் பார்த்துக் கேட்டார்:

“வந்துட்டியாம்மா?”