திருநீறு விழுந்த பொடி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தேங்காயெண்ணெய் வெள்ளைக் கல்லாக உறைந்திருக்கும். பக்கத்தில் ஒரு சின்னப் பாட்டில். அதிலுள்ள மஞ்சள் எண்ணெய் மட்டும் உறையாது. கெமிஸ்ட் சார் கொடுத்தது.

மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால், முதலாளியின் கிடங்கை ஒட்டிய லேபில் நான் பாத்திரம் கழுவினேன். சார் கொழுப்பு அமிலத்தை ஜியோலைட் என்ற வெள்ளைப் பொடி போட்டுச் சூடாக்குவார். "முருங்கைக்காயை அடுக்கிக் கட்டலாம் சேச்சி. கிளையுள்ள விறகை அடுக்க முடியுமோ? இந்தப் பொடி கொழுப்பில கிளை வைக்கும். பின்னே குளிரிலயும் உறையாது" என்பார்.

ஒரு வருஷம் ஆயுத பூஜையன்று முதலாளி கோயிலிலிருந்து வந்த கையோடு, திறந்திருந்த பொடி ஜாடியில் ஒரு சிட்டிகை திருநீறு தூவிக் கும்பிட்டார். எனக்கு மனசு நிறைந்தது. சார் முகம் வெளிறியது. இருந்தது அந்த ஒரு ஜாடிதான். வாரக் கடைசியில் எண்ணெய் வாங்குகிறவர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் முன் எண்ணெய் உறைந்துபோனால் லேபை மூடிவிடுவதாக முதலாளி முன்பே சொல்லியிருந்தார்.

முதலாளி போனதும் கேட்டேன். "கெட்டுப்போச்சா சார்?"

"இந்தப் பொடி வேலை செய்யறது அதோட புளிப்பில. சாம்பல்ல காரம் உண்டல்லோ, அது புளிப்பை அடக்கிடும்."

"முதலாளிட்ட சொல்லலையா?"

"நான் சொன்னா கம்யூனிஸ்ட்னு ஏசுவார். அடுத்த வருஷம் நீங்க சொல்லுங்க."

பொடியை அமில நீரில் அலசி, வடிகட்டி, காயவைத்து, உலையில் சுட்டெடுத்தார். அலசிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டப் போனேன். "அங்கே வேண்டா" என்று வாங்கிக்கொண்டார். சோடா உப்புப் போட்டுப் புளிப்பை முறித்து, முற்றத்துத் தென்னையின் மூட்டில் அவரே ஊற்றினார். "அவரு கும்பிட்டுப் போட்டது. சாக்கடையில போகக் கூடாதல்லோ." கோயில் வாசல் மிதிக்காத மனுஷர் அவர்.

வாங்குகிறவர்கள் வந்த அன்று, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை முதலாளி சாய்த்தார். எண்ணெய் நகர்ந்தது.

"பாத்தீங்களா, திருநீறோட சக்தி" என்றார்.

"ஆமா முதலாளி" என்றார் சார். என் பக்கம் திரும்பவேயில்லை.

அடுத்த பூஜைக்கு ஜாடியை நானே இறுக்கி மூடி, "மூடிமேல பூசுங்க முதலாளி" என்றேன். பூசினார்.

சார் இப்போது இல்லை. சாயங்காலம் விளக்கேற்றும்போது அவருக்காகவும் கும்பிடுகிறேன், தெரிந்தால் சிரிப்பார். தேங்காயெண்ணெயை உருக்க வெயிலில் வைக்கும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்துச் சாய்த்துப் பார்ப்பேன். இன்னும் நகர்கிறது.