பூசை போட்ட தார்ப்பாய்

லாரியின் பின்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆதிமூலத்துக்குத் தெரிந்த சாத்திரம் இந்த ஒரு வரிதான். தார்ப்பாய் இரண்டாக இருந்தால் முதலில் பின்பாதியை மூடு; அப்புறம் முன்பாதி; முன்னது பின்னதன்மேல் இரண்டு முழமாவது ஏறிக் கிடக்கட்டும். ஓடுகிற வண்டிக்குக் காற்றும் மழையும் முன்னாலிருந்துதான் வரும். மேலே கிடக்கும் விளிம்பு பின்னோக்கி இருந்தால் காற்று அதை அழுத்திவிட்டுப் போகும். முன்னோக்கி இருந்தால் அடியில் புகுந்து தூக்கும். கூரை வேய்கிறவன் கீழ் வரிசையை முடித்துவிட்டு மேல் வரிசைக்கு ஏறுவதும் இதே காரணத்தால்தான்.

இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. நனைந்த மூட்டைகளைப் பார்த்துப் பார்த்து அவனாகத் தெரிந்துகொண்டான். சிங்கவரத்துக் காலனியிலிருந்து தினமும் சைக்கிளில் செஞ்சி கடைத்தெருவுக்கு வந்து, மண்டிகளில் பாரம் ஏற்றிய லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுவது அவன் பிழைப்பு. பத்து வருஷமாயிற்று. ஒரு தடவை ஈரத் தார்ப்பாயில் வழுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணிப்போயிருந்தது. அந்தக் கையால் கயிற்றை மடித்து, மற்றக் கையால் அதன் வழியே முனையை இழுத்து, லாரிப் பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டி அவன் இறுக்கினால் பட்டணம் போகும்வரை கட்டு தளராது.

அவனைத் தங்கமான மனிதன் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லும்படி அவன் நடந்துகொண்டதுமில்லை. சரியான விஷயத்தைச் சண்டை போடுகிற குரலில் சொல்வது அவன் பிறவிக் குணம். பொய்யால் கெட்டுப்போன உண்மைகளுக்குக் குறையாமல், சொன்ன குரலால் கெட்டுப்போன உண்மைகளும் உலகத்தில் உண்டு.

அறுபத்துநான்காம் வருஷம் புரட்டாசியில் கோவிந்தராஜ் செட்டியாரின் சரக்கு நனைந்துவிட்டது. பதினொரு மூட்டை மல்லாட்டை. தோலோடு இருக்கும் கடலை நனைந்தால் இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். எண்ணெய் ஆலைக்காரன் மூட்டையைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவான். அன்று நனைந்ததற்குக் காரணம் தார்ப்பாயில் இருந்த ஓட்டை. அந்த ஓட்டையை ஆதிமூலம் முன்பே மூன்று முறை காட்டியிருந்தான். ஆனால் ஓட்டையைத் திட்ட முடியாது. கட்டினவனைத் திட்டலாம்.

“இன்னொரு தபா ஒரே ஒரு மூட்டை நனைஞ்சாலும் திண்டிவனத்துலேர்ந்து ஆள் கூட்டியாந்துடுவேன். நீ அப்புறம் இந்தத் தெருப் பக்கமே வர வேணாம்” என்றார் செட்டியார்.

தெருவில் மற்ற ஐந்து மண்டிக்காரர்களும் செட்டியார் தும்மினால் கைக்குட்டை எடுப்பவர்கள். அவர் கைவிட்டால் தெருவே கைவிட்ட மாதிரி.

மறுவருஷம் ஐப்பசியில், ஓட்டைத் தார்ப்பாய்க்குப் பதிலாகப் பட்டணத்திலிருந்து புதிது ஒன்று வந்தது. கரும்பச்சை நிறம், மெழுகு வாசனை. இன்னொரு பழைய தார்ப்பாய் நல்ல நிலையில் இருந்ததால் அதுவும் இதுவும் ஜோடியாயின. புதிது வந்த சேதி கேட்டு ஆதிமூலத்துக்கு உள்ளூர சந்தோஷம். அந்தச் சந்தோஷம் வெள்ளிக்கிழமை காலை பத்துமணி வரைக்கும் இருந்தது.

அன்று பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் வண்டி நகர வேண்டும். மண்டி வாசலில் பலகை போட்டு, புதுத் தார்ப்பாயை மடித்து வைத்து, நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் குங்குமமும் அப்பி, செட்டியார் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். மூட்டை ஏற்றி முடிய பத்தே காலாகிவிட்டது. ஆதிமூலம் லாரிமேல் ஏறி, மூலைகளில் தார்ப்பாய் கிழியாதிருக்கப் பழைய சாக்குகளைச் செருகிவிட்டு, பழைய தார்ப்பாயை இழுத்துப் பின்பாதியில் போட்டான்.

“நிறுத்துடா! இன்னா பண்றே?”

“பின்னாடி மூடறேன், மொதலாளி.”

“புதுசு இங்க பூசை போட்டுக் கெடக்குது. அந்தப் பழங்கந்தலை மொதல்ல ஏத்தறியே, அறிவு இருக்குதா உனக்கு?”

“புதுசு முன்னாடிக்கு. பழசு பின்னாடிக்கு. பின்னாடிதான் மொதல்ல போடணும்.”

“புது மருமவ வாசல்ல நிக்கும்போது வூட்டுக் கெழவிக்கு ஆரத்தி எடுப்பியாடா?”

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள்.

“மருமவ காத்துல பறக்க மாட்டா, மொதலாளி” என்றான் ஆதிமூலம்.

சிரிப்பு நின்றுவிட்டது. இப்படித்தான் அவன் தன் வழக்கைத் தானே தோற்பான்.

செட்டியார் முகம் சிவந்தது. “புதுசுதான் மொதல்ல. அதுவும் முன்னாடி. பேசாம விரி.”

ஆதிமூலம் குரலைத் தணித்துப் பார்த்தான். “சரி, புதுசை முன்னாடி விரிச்சிடறேன். அப்புறம் அதோட ஓரத்தைத் தூக்கி, அடியில பழசைச் செருவிக்கிறேன். பாக்கறதுக்குப் புதுசுதான் மொதல்ல போட்டதா இருக்கும்.”

“பூசை போட்டு விரிச்சதைத் திரும்பத் தூக்கறதா? ஏத்துன சரக்கைத் திருப்பி எறக்கற மாதிரிடா அது. பொழுது ஆவுது. கட்டு.”

ஆதிமூலம் பழையதைச் சுருட்டி ஒதுக்கிவிட்டு, புதியதை முன்பாதியில் விரித்தான். அதன் ஓரத்தின்மேல் பழையதன் விளிம்பை ஏற்றினான். இரண்டுக்கும் நடுவே இருந்த வாய் முன்னோக்கித் திறந்து கிடந்தது.

“குங்குமம் இருக்குது பாரு, கால் படாம கட்டு” என்றார் செட்டியார் கீழேயிருந்து.

தார்ப்பாய்மேல் நடக்காமல் தார்ப்பாய் கட்ட முடியாது. பறந்துகொண்டும் கட்ட முடியாது. அவன் ஓரமாக முழங்காலால் தவழ்ந்தான். எந்தக் காலென்றாலும் செட்டியார் அப்படிச் சொல்லியிருப்பாரா, இந்தக் காலென்பதால் சொன்னாரா என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை. திறந்த வாயின் குறுக்கே வழக்கமான ஒரு கயிற்றுக்குப் பதில் மூன்று கயிறு போட்டான். அப்போதே அவனுக்கு அதன் பயன் தெரிந்துவிட்டது. தப்பான அடுக்கின்மேல் எத்தனை கயிறு இழுத்தாலும், தப்பு இறுகுமே தவிரச் சரியாகாது.

பத்து இருபத்தெட்டுக்கு முன்சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கியது. செட்டியார் கண்ணை மூடிக் கைகூப்பினார். கண்ணைத் திறந்தபோது ராஜகிரிக் கோட்டைத் தலை மேகத்துக்குள் போயிருந்தது.

“வானம் கறுக்குதே” என்று ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினார். “நனைஞ்சுதுன்னா தெரியும் இல்ல? போன வருசம் சொன்னதுதான்.”

கட்டச் சொன்னதும் அவர். நனைந்தால் விரட்டப்போவதும் அவர். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. ஆதிமூலம் லாரி தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தான். சைக்கிளை எடுத்தான்.

திண்டிவனம் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் ஒரு பிள்ளையார் கோயில், எதிரே புளியமரம், மரத்தடியில் டீக்கடை. செஞ்சியிலிருந்து புறப்படும் எந்த டிரைவரும் அங்கே நிறுத்தித் திருநீறு பூசிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவான். டிரைவர் தங்கராசு கண்ணாடி டம்ளரை ஊதிக்கொண்டிருந்தபோது மூச்சிரைக்க ஆதிமூலம் வந்து சேர்ந்தான்.

“இன்னாண்ணா, கயிறு எதுனா மறந்துட்டியா?”

“அவுக்கணும். மாத்திக் கட்டணும்.”

“ராவுகாலம்ணா! செட்டியாருக்குத் தெரிஞ்சா உன்னோட என் சீட்டும் கிழிஞ்சிடும்.”

“வழியில படுதா காத்துல கிளம்பி, சைக்கிள்ல வர்றவன் மூஞ்சிய மூடி, அவன் சக்கரத்துல வுழுந்தான்னு வையி. நீ ஜெயில்ல குந்திக்கினு நெதம் ராவுகாலம் பாக்கலாம்.”

தங்கராசு மேகத்தைப் பார்த்தான். லாரியைப் பார்த்தான். நின்றிருந்த வண்டியிலேயே பழைய தார்ப்பாயின் விளிம்பு மூன்று கயிற்றுக்கும் நடுவே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“சீக்கிரம் முடி. நான் எதையும் பாக்கல.”

“இந்தக் கயித்தப் புடி.”

“பாக்கலன்னுதான சொன்னேன். புடிக்க மாட்டேன்னா சொன்னேன்?” என்று டம்ளரைக் கீழே வைத்தான்.

குறுக்குக் கயிறுகளை அவிழ்த்து, பழையதன் முன்விளிம்பைச் சுருட்டி, புதியதன் பின்விளிம்பைத் தூக்கி, அடியில் இரண்டு முழம் உள்ளே தள்ளினான் ஆதிமூலம். இந்தத் தடவை தவழவில்லை. நின்று நடந்து கட்டினான். கடைசி முடிச்சு விழும்போது தூறல் பிடித்தது. லாரி கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். புதியதன் விளிம்பு பழையதன்மேல் படிந்து கிடந்தது, அசையவில்லை. அவன் அன்று பார்த்த நல்ல காட்சி அது ஒன்றுதான்.

முழுக்க நனைந்து வீட்டுக்குள் நுழைந்தவனைப் பார்த்து அவன் மனைவி ரஞ்சிதம் பதறினாள்.

“இன்னாய்யா கால்ல ரத்தம்?”

குனிந்து பார்த்தான். “ரத்தமில்ல மே. குங்குமம்.”

“குங்குமத்தைக் கால்லயா வச்சிக்கினு வந்தே?”

நடந்ததைச் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, “போயிச் செட்டியார்கிட்ட சொல்லிட வேண்டியதுதான?” என்றாள்.

“சொன்னா அவுத்ததுக்குத் திட்டுவாரு. சொல்லாம வுட்டு நனைஞ்சா கட்டுனதுக்குத் திட்டுவாரு.”

“அப்ப திட்டு வாங்கறதுக்குத்தான் உனக்குக் கூலி. ஏறி எறங்கறதெல்லாம் சும்மா” என்று அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கராசு திரும்பி வந்தான். ஒரு மூட்டைகூட நனையவில்லை. அதே மழையில் வேறு ஊரிலிருந்து போன இரண்டு லாரிகளில், பழைய தார்ப்பாய்கள் கிழிந்து சரக்கு ஊறிவிட்டிருந்தது. செட்டியார் தெரு முழுவதும் சொன்னார்: “புதுசுக்குப் பூசை போட்டோம். மொதல்ல விரிச்சோம். சொட்டுத் தண்ணி எறங்கல.” ஆதிமூலம் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவனிடமும் சொன்னார்.

அடுத்த வாரம் மற்ற ஐந்து மண்டிகளிலும் தார்ப்பாய்க்கு மஞ்சள் பூசினார்கள். புதிதில்லாதவர்கள் இருப்பதில் நல்லதைப் புதிது என்று வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் அதை முதலில், முன்பாதியில் விரிக்கச் சொன்னார்கள். இத்தனை வருஷம் எதுவும் பேசாமல் பின்னாலிருந்து கட்டவிட்ட மண்டிகள் அவை. எந்த லாரி நனைந்தாலும் கெட்ட பெயர் அவனுக்குத்தான். அதனால் ஒவ்வொரு லாரியையும் மண்டி வாசலில் அவர்கள் சொன்னபடி தப்பாகக் கட்டினான். சைக்கிளை மிதித்துப் புளியமரத்துக்குப் போய் அவிழ்த்துச் சரியாகக் கட்டினான். ஒரு நாளில் மூன்று லாரி என்றால் ஆறு கட்டு. கோணல் மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. சரக்கு நனையாமல் போகப்போக, தெருவில் அந்த வழக்கத்தின் மதிப்பும் ஏறிக்கொண்டே போனது. தன் கையாலேயே ஒரு பொய்க்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்குப் பட்டது. அவன் அதை இந்த வார்த்தைகளில் நினைக்கவில்லை. சோற்றைப் பிசைகையில் கை வலித்தபோது நினைத்தான்.

கார்த்திகை பிறந்ததும் ஒரு நாள் நேரே போய்ச் சொல்லிவிட்டான். செட்டியார் மல்லாட்டையை உடைத்துப் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொதலாளி, அன்னிக்கு நனையாததுக்குப் பூசை காரணமில்ல. புளியமரத்தாண்ட நான் அவுத்து மாத்திக் கட்டுனேன். அப்பலேர்ந்து எல்லா வண்டியும் அப்படித்தான் போவுது.”

செட்டியார் நிமிர்ந்தார். “அவுத்தியா? ராவுகாலத்துலயா?”

“ஆமா.”

மூட்டை தூக்குகிறவர்கள் கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆதிமூலம் எல்லாவற்றுக்கும் தயாராக நின்றான். திண்டிவனத்து ஆள், தெருவுக்குள் வராதே, எது வந்தாலும் வரட்டும் என்றிருந்தான். செட்டியார் சிரித்தார்.

“சைக்கிள எடுத்துக்கினு ஓடிப்போய் மாத்திக் கட்டணும்னு உனக்கு ஏன்டா தோணுச்சு?”

“வானம் கறுத்துச்சு. நீங்க மெரட்டுனீங்க.”

“பத்து வருசமா வானம் கறுக்குது, நானும் மெரட்டறேன். ஒரு நாளாவது வண்டி பின்னால ஓடியிருக்கியா? பூசை போட்டதனாலதான்டா உனக்கு அந்தப் புத்தி வந்துது!”

எல்லாரும் சிரித்தார்கள். பத்து வருஷமாக ஓடவேண்டிய தேவையே வராதபடி கட்டினேன் என்ற பதில் ஆதிமூலத்துக்கு வீடு போகிற வழியில்தான் வந்தது. வந்திருந்தாலும் பயனில்லை. சில வாதங்கள் எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. அதனாலேயே எதுவும் அவற்றை முறிப்பதுமில்லை.

“அப்ப இனிமே இங்கியே பின்னாடிலேர்ந்து போடட்டுமா?” என்று மட்டும் கேட்டான்.

“எதுக்கு? இப்பதான் ஒழுங்கா நடக்குது. இங்க புதுசுதான் மொதல்ல. எல்லை தாண்டி நீ இன்னா பண்ணணுமோ பண்ணிக்க. அதுவும் நடக்கட்டும், இதுவும் நடக்கட்டும்.” அவர் இன்னொரு கடலையை உடைத்தார். “திண்டிவனத்து ஆளு பேச்செல்லாம் இனிமே இல்ல, போ. பொறுப்பான ஆளுடா நீ.”

பத்து வருஷத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதை எங்கே வைத்துக்கொள்வதென்று ஆதிமூலத்துக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் புளியமரத்தடியில் உட்கார்ந்து மணிக்கட்டில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். சாலைத் திருப்பத்தில் தங்கராசுவின் லாரி தெரிந்தது. மேலே தார்ப்பாயின் வாய் முன்பக்கம் பார்த்து, காற்றை விழுங்கிக் கக்கிக்கொண்டு வந்தது.

தங்கராசு இறங்கினான். “செட்டியார்கிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டியாமே. அப்ப இனிமே மண்டியிலயே சரியாப் போடுவேன்னு நெனச்சேன்.”

“நானும்தான் நெனச்சேன்” என்றான் ஆதிமூலம். “வா, வந்து கயித்தப் புடி.”